சுவரில் பட்ட பந்து

பதினொரு பேர் ஆடும் காற்பந்தில் வளர்ந்தவன் நான். சிங்கப்பூரில் செம்பவாங் கப்பல் பட்டறையில் வேலை பார்த்த காலமெல்லாம் பட்டறை அணிக்குத் தற்காப்பு ஆட்டக்காரனாக நின்றேன். முழங்கால் கெட்டதோடு அது முடிந்தது. பிறகொரு ஞாயிறு, தேவாலயத்தில் தமிழ்ப் பூசை முடிந்து வெளியே வந்தபோது எங்கள் பங்குச் சாமியார் கூப்பிட்டார். "ஐவர் காற்பந்துப் போட்டி வைக்கிறோம். நீங்கதான் நடுவர்."

ஐந்து பேர் ஆட்டம்தானே என்று ஒத்துக்கொண்டேன்.

முதல் ஆட்டத்திலேயே ஆஃப்சைடு என்று விசில் ஊதினேன். எல்லாரும் என்னையே பார்த்தார்கள். "அங்கிள், இதுல ஆஃப்சைடே கிடையாது லா" என்றார் இளையர் அணியின் கேப்டன். வங்கியில் வேலை பார்ப்பவர், பொறுமையாகத்தான் சொன்னார். மாற்று ஆட்டக்காரர்கள் என்னைக் கேட்காமலே உள்ளே வந்தார்கள், வெளியே போனார்கள். ஒரு சமயம் ஓர் அணியில் ஆறு பேர் ஆடியதைக்கூட நான் கவனிக்கவில்லை.

இறுதி ஆட்டம் இளையர் அணிக்கும் கிராஞ்சி வெளிநாட்டுத் தொழிலாளர் விடுதியிலிருந்து பூசைக்கு வரும் ஊழியர்களின் அணிக்கும். ஊழியர்களின் கேப்டன் ஒரு வெல்டர், தூத்துக்குடிக்காரர். இரண்டுக்கு இரண்டு என்று இருந்தபோது பந்து பக்கச் சுவரில் மோதித் திரும்பியது. ஊழியர்கள் அப்படியே நின்றுவிட்டார்கள். வங்கிக்காரர் நிற்காமல் ஓடிப்போய் கோல் போட்டார்.

"அண்ணே, பந்து வெளிய போயிருச்சே" என்றார் வெல்டர். விடுதியில் அவர்கள் தரையில் கோடு கிழித்து ஆடிப் பழகியவர்கள்.

"சுவத்துல பட்டா ஆட்டம் தொடரும் அங்கிள். காலையில நீங்கதான சொன்னீங்க?" என்றார் வங்கிக்காரர்.

சொன்னேனா? இறுதி ஆட்டத்துக்கு முன், கேட்டுத் தெரிந்துகொண்ட விதிகளை ஆங்கிலத்தில் சொன்னது ஞாபகம் இருந்தது. தமிழில் சொன்னபோது சுவரை விட்டுவிட்டேனோ என்று சந்தேகம். சாமியாரைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். கோல் என்று கையைக் காட்டிவிட்டேன். சற்று நேரத்தில் ஆட்டமும் முடிந்தது.

கை குலுக்கும்போது வெல்டர் கேட்டார்: "பரவால்லண்ணே. ஆனா எதுதான் சரி?" குரலில் கோபமே இல்லை. அதனாலேயே அன்று வீட்டுக்குப் போன உடனே விதிகளைத் தேடிப் படித்தேன். ஓரிடத்தில் சுவர் உண்டு, இன்னோரிடத்தில் கோடு. ஒன்றில் பந்து தலைக்கு மேலே போனாலே குற்றம், மற்றொன்றில் எவ்வளவு உயரமும் போகலாம். எல்லாவற்றுக்கும் பெயர் ஐவர் ஆட்டம்தான். படிக்கப் படிக்க, தெரிந்ததும் மறந்துபோனது.

அடுத்த ஞாயிறு இரண்டு கேப்டன்களையும் தேக்கா சந்தைக்கு வரச்சொல்லி, தேநீர் வாங்கிக் கொடுத்து வெல்டரைப் பார்த்து உண்மையைச் சொன்னேன். "சுவத்தைப் பத்தி உங்களுக்குத் தமிழ்ல சொல்ல மறந்துட்டேன்னு நினைக்கிறேன். தப்பு என்னோடதுதான்."

வங்கிக்காரர் "திரும்ப ஆடிடலாம்" என்றார்.

"ஆடலாம். சுவரா, கோடா?" என்றார் வெல்டர்.

முதல் பாதி சுவர், இரண்டாம் பாதி கோடு என்று முடிவானது. நியாயமாகத்தான் பட்டது. ஆனால் இரண்டாம் பாதியில் பந்து சுவரில் பட்டபோது ஊழியர்கள் ஓடினார்கள், இளையர்கள் நின்றார்கள். எனக்கும் எந்தப் பாதி என்று ஒரு நொடி புரியவில்லை. விசில் ஊதுவதற்குள் கோல் விழுந்துவிட்டது. அதைச் சேர்த்தால் ஊழியர்கள் வென்றார்கள், சேர்க்காவிட்டால் சமன். அதை முடிவு செய்யாமலே அன்று எல்லாரும் சிரித்துக்கொண்டே சாப்பிடப் போனோம்.

இப்போது வேறு பங்குகளிலிருந்தும் அணிகள் வருகின்றன. விதிகளை மூவரும் உட்கார்ந்து தமிழில் எழுதிவிட்டோம். கோல்கீப்பர் தன் ஆள் கொடுத்த பந்தைக் கையால் எடுக்கலாமா என்பதில் மட்டும் இன்னும் நாங்கள் ஒத்துப்போகவில்லை.