தங்கைக்கும் அதே விதி

1969-இல் நன்னிலத்துக்குத் தெற்கே ஒரு கிராமத்துத் தெருவில் நீலமேகம் விவசாயத் தொழிலாளர் சங்கம் தொடங்கியபோது உறுப்பினர்கள் பதினேழு பேர். யார் வீட்டில் உலை ஏறவில்லை என்பதுகூட அவருக்குத் தெரியும். மூன்றே ஆண்டில் சங்கம் முப்பது ஊருக்குப் பரவியது. எல்லாவற்றுக்கும் அவரே சைக்கிளில் ஓடினார். ஒருமுறை, அவர் வந்து முடிவு சொல்லட்டும் என்று வயலோரம் காத்து நின்ற நான்கு பேரை மிராசுதாரின் ஆட்கள் கை கால் ஒடிய அடித்துப் போட்டார்கள்.

அதன்பிறகு நீலமேகம் பழக்கத்தை மாற்றிக்கொண்டார். ஊருக்கு ஒரு பொறுப்பாளர். அந்த ஊர் முடிவு அவருடையது, நீலமேகம் குறுக்கிடமாட்டார். விதி எல்லோருக்கும் ஒன்று. சங்கம் நிமிர்ந்தது.

அடுத்த குறுவை அறுப்பில் கூலி உயர்வு கேட்டு வேலைநிறுத்தம். பதினெட்டாம் நாள், நீலமேகத்தின் சொந்த ஊர்ப் பொறுப்பாளர் காயாரோகணம் வந்தார்.

“ரெண்டு பேரு அறுப்புக்கு எறங்கிட்டாங்க. ஒண்ணு... நம்ம தையல்நாயகி.”

தையல்நாயகி நீலமேகத்தின் தங்கை. எட்டு மாதக் கர்ப்பிணி. இரண்டு நாளாக அவள் வீட்டில் அடுப்பெரியவில்லை.

“விதி என்ன சொல்லுது?”

“தள்ளி வைக்கணும். யாரும் அந்த வாசப்படி மிதிக்கக் கூடாது.”

“அப்ப செய்ங்க.”

ஆறு நாள் கழித்து ஒரு மத்தியானம், மருத்துவச்சி கண்ணாத்தாள் மழையில் நனைந்தபடி ஓடிவந்தாள். அவளும் சங்கத்துக்காரி.

“அண்ணே, தையலுக்கு வலி கண்டுருச்சு. புள்ளைக்குக் காலு முன்னால வருதாம். நான் போவட்டுமா?”

நீலமேகம் எழுந்து வாசலுக்கு வந்தார். ‘போ’ என்றால் போதும். ஆனால் நாளைக்கு முப்பது ஊரிலிருந்தும் தங்கைக்கு விலக்குக் கேட்டு அண்ணன்கள் வந்து நிற்பார்களே என்று நினைத்தார்.

“காயாரோகணத்தைக் கேளு. அது அவரு முடிவு.”

“அவரு பேச்சுவார்த்தைக்குப் போயிருக்காரே!”

“வரட்டும்.”

காயாரோகணம் விளக்கு வைக்கும் நேரத்தில்தான் வந்தார். கேட்டதும் பதறிப்போய்க் கத்தினார்: “அடிப்பாவி, இதுக்கா கேட்டுக்கிட்டு நிப்பாங்க? ஓடு!”

கண்ணாத்தாள் போனபோது குழந்தை பாதி வெளியே வந்து அடங்கிப்போயிருந்தது.

மறுநாள் கூலி உயர்வுக்கு மிராசுதார்கள் கையெழுத்திட்டார்கள். கூட்டத்தில் நீலமேகத்துக்கு மாலை போட்டு, “சொந்தத் தங்கச்சின்னும் பாக்காத தலைவரு” என்று பேசினார்கள். அவர் தலைகுனிந்து வாங்கிக்கொண்டார். அந்த ஆண்டே மேலும் இருபது ஊர்கள் சேர்ந்தன.

தையல்நாயகி பிழைத்துக்கொண்டாள். ஒரு மாதத்தில் கணவன் சிவசாமியோடு சீர்காழிப் பக்கம் பிழைக்கக் கிளம்பினாள். பஸ் வாசலில் நீலமேகம் வந்து நின்றார்.

“தையலு, என்னை ரெண்டு வார்த்தை திட்டிட்டாவது போ.”

அவள் கணவனைப் பார்த்துச் சொன்னாள்:

“அவரைக் கொஞ்சம் நகரச் சொல்லுங்க. மூட்டையை ஏத்தணும்.”