கிருஷ்ணராசா அண்ணை எண்ணாத பந்தி

கிருஷ்ணராசா அண்ணை எந்தக் கடிதத்தையும் சத்தமாகத்தான் வாசிப்பார். "எனக்குக் காதால கேட்டால்தான் விளங்கும், தங்கச்சி" என்பார். அரசாங்கம் எனக்குத் தரும் பெனிபிட் காசுக் கடிதத்தையும் ஒருநாள் பஸ் தரிப்பிடத்தில் அப்படித்தான் வாங்கி வாசித்தார். ஒவ்வொரு வரிக்கும் தமிழில் தனக்குத்தானே விளக்கமும் சொல்லிக்கொண்டார். பாவம், இந்த மனிசனுக்கு இப்படி ஒரு குறை என்று நான் கோயிலில் நேர்த்திகூட வைத்தேன். இரண்டு வருடம் கழித்து, லண்டன் குட்மேய்ஸில் அவர் வேலை செய்யும் பெற்றோல் செட் பக்கமாகப் போனபோது, கண்ணாடிக்கு உள்ளே அவர் ஒரு ஆங்கிலப் பேப்பரை வாய் அசையாமல் வாசித்துக்கொண்டிருந்தார். ஐந்தாம் வகுப்போடு நின்ற எனக்கு ஆங்கிலம் ஓடாது என்பது அவருக்கு முதல் நாளே தெரிந்திருக்கிறது.

வியாழக்கிழமை அவருக்கு லீவு. அன்றைக்கு இல்ஃபோர்டில் ஒரு தேவாலய மண்டபத்தில் மத்தியானச் சோறு. கடை வாசலில் படுப்பவர்கள், காருக்குள் படுப்பவர்கள், சிநேகிதன் வீட்டுச் சோபாவில் காலத்தைக் கடத்துபவர்கள் எல்லோரும் வருவார்கள். அண்ணை நெற்றி நிறைய விபூதி பூசி, அதற்கு மேல் கம்பளித் தொப்பியை இழுத்துவிட்டுக்கொண்டு சமைப்பார்; நான் கூடமாட நிற்பேன். பந்திக்குப் போகுமுன் கறியை நாக்கில் வைக்கமாட்டார். மணந்து பார்த்தே உப்புச் சொல்வார். எனக்குத் தெரிய இரண்டு தடவைதான் பிழையாய்ப் போனது. அந்த இரண்டு நாளும் எல்லோரும் வாளி வாளியாகத் தண்ணீர் குடித்தார்கள். அடுப்பு மூட்டுமுன் தேங்காய் உடைப்பதற்குப் பாதிரியார் ஒன்றும் சொல்வதில்லை. இரண்டாம் தடவை சோறு கேட்பவர்களில் அவரும் ஒருவர்.

அண்ணைக்கு ஒரே ஒரு பிடிவாதம். சாப்பிட இருப்பவர்களை எண்ணமாட்டார். எங்களையும் எண்ண விடமாட்டார். "கண்ணூறு ஒரு பக்கம் கிடக்கட்டும். எண்ணிச் சோறு போடுறவன் எப்பவோ ஒருநாள் 'உமக்கு இல்லை' எண்டு சொல்லுவான்."

மண்டப வாடகையைக் கவுன்சில் வருடா வருடம் தருகிறது. இந்த முறை படிவத்தில் புதிதாக ஒரு கேள்வி: வியாழக்கிழமை எத்தனை பேர் சாப்பிடுகிறார்கள்? "வாறவை எல்லாரும்" என்று அண்ணை ஆங்கிலத்தில் எழுதி அனுப்பினார். படிவம் திரும்பி வந்தது. "முந்தி எழுதின அதே ஆக்கள்" என்று எழுதினார். மூன்றாம் முறை படிவம் வரவில்லை. மரினா வந்தாள்.

மரினா கவுன்சிலில் வேலை செய்யும் எங்கள் தமிழ்ப் பிள்ளை, லண்டன் நோர்பரியில் பிறந்து வளர்ந்தவள். அமத்த அமத்த ஒவ்வொன்றாகக் கூட்டும் சின்ன மெஷின் ஒன்று அவள் கையில் இருந்தது.

"அங்கிள், பிளீஸ். நாளைக்கு மீட்டிங். நம்பர் இல்லாட்டி உங்கட பேரை லிஸ்டில போடேலாது. மண்டபம் போயிடும்."

"இவ்வளவு பெரிய லண்டனில காசு இல்லையோ, பிள்ளை?"

"இருக்கு அங்கிள். ஆனா பிள்ளையளோட வீடில்லாமல் நிக்கிற குடும்பங்களுக்கு ரூம் எடுக்கவே முக்கால்வாசி போயிடும். மிச்சம் ஹொஸ்டலுக்கு, ரோட்டில படுக்கிற ஆக்களைத் தேடிப் போற டீமுக்கு. கடைசியா மிஞ்சிற கொஞ்சத்துக்கு உங்களை மாதிரிப் பத்து இடம் கை நீட்டுது. ஆர் எத்தினை பேரைப் பார்க்கினம் எண்டு எண்ணாமல் நான் எப்பிடிப் பிரிக்கிறது?"

"நியாயம்," என்றார் அண்ணை. "நல்ல நியாயம். இந்தா, இந்த அகப்பையைப் பிடி."

ஒரு கையில் அகப்பை, மறு கையில் கோப்பை. மெஷின் மரினாவின் சட்டைப் பைக்குள் போயிற்று. அவள் குனிந்து குனிந்து பருப்பு ஊற்ற, மேசை விளிம்பு அதை அமத்திக்கொண்டே இருந்தது. எடுத்துப் பார்த்தால் இருநூற்றுப் பதினொன்று! அதையே எழுதினால் என்ன என்று எனக்கு ஆசை வந்தது. முருகா, மன்னிச்சுக்கொள்.

அப்போது டெரி கதிரையில் ஏறி நின்றார். கடை வாசலில் படுப்பவர். ஒரு காலத்தில் பள்ளிக்கூடத்தில் விளையாட்டு வாத்தியார். அண்ணையை அவர் கிரிஸ் என்றுதான் கூப்பிடுவார். "கிரிஸ் எண்ணவேண்டாம். எங்களை நாங்களே எண்ணுவோம்!" என்று எனக்கே விளங்குகிற ஆங்கிலத்தில் கத்தினார். "ஒன்று!"

வாய் நிறையச் சோற்றோடு இரண்டு, மூன்று என்று கிளம்பிவிட்டது. அண்ணை குசினிக்குள் ஓடி, காது இரண்டையும் பொத்திக்கொண்டு, எண் கேட்கக்கூடாதென்று "அரோகரா! அரோகரா!" என்று கத்தினார். வெளியே இருந்தவர்கள் இதுவும் கணக்கில் ஒரு பகுதி என்று நினைத்துவிட்டார்கள். "தேர்ட்டி ஃபோர், அரோகரா!" "தேர்ட்டி ஃபைவ், அரோகரா!" மண்டபம் அதிர்ந்தது. எனக்குச் சிரிப்பில் கண்ணீர் வந்துவிட்டது. நாற்பத்து மூன்றில் நின்றது. பாதிரியார் எழும்பி நாற்பத்து நான்கு என்றார். "ஃபாதர், உங்களுக்கு வீடு இருக்கு," என்று மரினா அவரை இருத்திவிட்டாள்.

போன வியாழக்கிழமை கடிதம் வந்தது. நாற்பத்து மூன்று பேர் என்ற கணக்கில் இன்னும் ஒரு வருடத்துக்கு வாடகை. அண்ணை வாசித்து முடிக்குமுன் டெரி கோப்பையில் தாளம் போடத் தொடங்கிவிட்டார். அந்தச் சத்தத்துக்குள் பார்த்தால், வாசலில் சூட்கேசோடு ஒரு பெண். அவளுக்குப் பின்னால் இன்னும் ஐந்தாறு புது முகங்கள்.

நான் அண்ணையிடம் ஓடினேன். "அண்ணை, நாப்பத்து மூண்டு எண்டெல்லோ எழுதிக் குடுத்திருக்கு?"

அவர் எல்லோரையும் கூப்பிட்டு இருத்தினார். பானை அடி தெரியும்வரை சுரண்டிப் போட்டதில் எல்லோருக்கும் கிடைத்தது. எனக்கும் அண்ணைக்கும் பப்படம்தான்.

கூட்டித் துடைத்து முடிந்ததும், கடிதத்தை மடித்து மண்டபச் சாவியோடு வைத்தார். மேல் தட்டிலிருந்து, இதுவரை ஒருநாளும் இறக்காத பெரிய சோற்றுக் கிடாரத்தை இறக்கி என் இரண்டு கையிலும் தந்தார்.

"நாப்பத்து மூண்டு கவுன்சிலுக்கு, தங்கச்சி. சோத்துக்கு அது தெரியாது. இதைக் கழுவி வையுங்கோ. நான் போயிட்டு வாறன்."