விட்டத்தின் மேல் ஒரு ஞாயிறு

சபையாரே, இன்று நாம் மேட்டில் ஆராதனை செய்கிறோம். அன்று நம் மெதடிஸ்ட் ஆலயம் ஆற்றோரப் பள்ளத்தில் இருந்தது. இந்த மலாய் மண்ணில், ரெங்கம் ஊருக்கு அப்பால், இந்த ரப்பர் தோட்டத்தில், தோட்டத்து வெள்ளைக்காரத் துரை நமக்குக் கொடுத்தது அந்தச் சதுப்பு நிலம்தான். பலகைச் சுவர், அத்தாப்பு ஓலைக் கூரை. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளில், ஒரு மார்கழி ஞாயிறு அது.

நான் ஆலயம் போவது என் கணவர் முத்தையாவுக்குப் பிடிக்காது. அன்று காலையும், "அந்தக் கொட்டாய்க்குப் போறதுன்னா அங்கேயே இருந்துக்க. திரும்பி வராத," என்றார். கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு அழுதபடியே போனேன்.

பல நாள் மழை. உபதேசியார் ஜெபித்துக்கொண்டிருக்கும்போதே ஆறு கரை உடைத்து வந்தது. தண்ணீர் அழுத்தியதில் கதவைத் திறக்க முடியவில்லை. பெஞ்சின் மேல் ஏறினோம். பெஞ்சும் மிதந்தது. கடைசியில் கூரைக்குக் கீழிருந்த குறுக்கு விட்டத்தில் ஏறி உட்கார்ந்தோம். உபதேசியார், நான், இன்னும் இரண்டு பெண்கள், மடியில் என் மகள். மற்றவர்கள் மழைக்குப் பயந்து வரவில்லை.

நிமிர முடியாது, கூரை இடிக்கும். இறங்க முடியாது. கூப்பிட்டோம், மழை இரைச்சலில் எங்கள் குரல் எங்களுக்கே கேட்கவில்லை. குழந்தை அழுது அழுது ஓய்ந்துபோனாள். அவள் மூக்கருகே விரலை வைத்து மூச்சைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். யார் தேடி வருவார்? தேடவேண்டியவரோ திரும்பி வராதே என்று சொல்லியிருந்தார்.

எனக்கு ஜெபிக்க வார்த்தை வரவில்லை. "ஆண்டவரே, யாராச்சும் எங்கள நெனைக்கணும்," என்று மட்டும் சொன்னேன்.

வெளிச்சம் மங்கும் நேரம், கூரையைப் பிய்க்கும் சத்தம் கேட்டது. ஓலைக்கு நடுவே முத்தையாவின் முகம். பக்கத்துக் கம்பத்து, அதாவது மலாய்க் கிராமத்து, பாக் மாட் என்பவரை அழைத்துக்கொண்டு, அவருடைய சம்பான் படகில் வந்திருந்தார்.

"புள்ளய மொதல்ல குடு," என்றார்.

அந்தப் படகோ சிறியது. பாக் மாட் எங்களை எண்ணிப் பார்த்து, "தா போலே," என்று தலையை ஆட்டினார். எல்லோரையும் ஏற்ற முடியாது.

"பொம்பளைங்க போங்க. நான் உபதேசி ஐயாகூட இருக்கேன்," என்று முத்தையா என் இடத்தில் ஏறி உட்கார்ந்தார்.

மேட்டில் இறங்கிய பிறகுதான் எனக்கு உண்மையான ஜெபம் வந்தது. திரும்பிப் போன படகு மழையில் மறைந்தது. சேற்றில் முழங்காலிட்டு, அவர் பெயரையே சொல்லிச் சொல்லி அழுதேன். நன்றாக இருட்டும் முன் பாக் மாட் இருவரையும் கொண்டுவந்து சேர்த்தார்.

"ஐயா குளிர்ல ஆடிப்போயிட்டாரு. விழுந்துடுவாருன்னு கட்டிப் புடிச்சிக்கிட்டேன். அவரு என்னடான்னா எனக்காக ஜெபம் பண்றாரு," என்றார் முத்தையா.

ஆலயத்தை வெள்ளம் கொண்டுபோனது. துரையிடம் போய் இந்த மேட்டு நிலத்தைக் கேட்டவர் என் கணவர்தான். முதல் தூணை நட்டவரும் அவர்தான். ஞானஸ்நானம் எடுக்க இன்னும் சில வருடங்கள் ஆயின. அதுவரை வாசலருகே உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார்.

உங்களில் யாராவது இன்று நகர முடியாத இடத்தில் மாட்டிக்கொண்டிருக்கலாம். வார்த்தை வராவிட்டாலும் கூப்பிடுங்கள். உதவி யார் மூலம் வரும் என்று நீங்களே முடிவு செய்துவிடாதீர்கள். என் வீட்டுக்காரர் வருவார் என்று நான் நினைக்கவே இல்லை. தேவன் அவரையே அனுப்பினார்.