அரசு கொட்ட ஹொல

மத்திகிரிப் பக்கம் வாழ்க்கைப்பட்டு வந்தபோது முனிலட்சுமிக்குப் பதினேழு வயது. வீட்டில் கன்னடம், ஓசூர் சந்தையில் தமிழ், மாமியார் வழி உறவுகளிடம் தெலுங்கு என்று மூன்றும் பேசுவாள். எதிலும் எழுதப் படிக்கத் தெரியாது.

புருஷன் திம்மராயனுக்கு மூன்று ஏக்கர் மேட்டு நிலம் இருந்தது. ராகியும் அவரையும் போடுவார்கள். பட்டா யார் பெயருக்கும் வந்ததில்லை. இருந்ததெல்லாம் பழைய கன்னடக் காகிதம் ஒன்று. அதில் 'அரசு கொட்ட ஹொல' என்று எழுதியிருந்தது. அரசர் கொடுத்த நிலம் என்று அர்த்தம். குதிரைகளுக்குப் புல் அறுத்துப் போட்ட முன்னோர் ஒருவருக்கு, அந்தக் காலத்துப் பாளையக்காரர் கொடுத்ததாம்.

எழுபத்து நாலில் தொழிற்சாலைக்காக இடம் அளக்க வந்தார்கள். திம்மராயன் காகிதத்தை நீட்டினான். வந்திருந்த குமாஸ்தா தெற்குச் சீமைக்காரர், கன்னடம் தெரியாதவர். எழுத்துக்கூட்டிப் படித்துக் காட்ட ஊர்க்காரர் ஒருவரை வைத்துக்கொண்டு, காதில் விழுந்ததை அப்படியே குறித்துக்கொண்டார்: அரசு நிலம். ஆறு மாதத்தில் தாக்கீது வந்தது. புறம்போக்கில் பயிர் வைத்திருக்கிறீர்கள், காலி செய்யுங்கள் என்றது.

தமிழில் அரசு என்றால் சர்க்கார் என்று திம்மராயனுக்கு அன்றுதான் தெரியும். அதற்குப் பிறகு அவன் அதிக நாள் இருக்கவில்லை. அடுத்த மழைக்காலத்தில் காமாலை வந்து போய்ச் சேர்ந்தான்.

முனிலட்சுமி காகிதத்தை மடியில் கட்டிக்கொண்டு புறப்பட்டாள். தாலுகா அலுவலக வாசலில் கௌஸ் மொய்தீன் என்பவர் மனு எழுதிக் கொடுப்பார். கன்னடம் படித்தவர். காகிதத்தைப் பார்த்ததுமே தப்பு எங்கே நடந்தது என்று அவருக்குப் புரிந்துவிட்டது. அவரும் விடாப்பிடியான ஆள். எல்லை தாண்டி ஆனேக்கல் போய் ஒரு கன்னட வாத்தியாரிடம் விளக்கம் எழுதி வாங்கி வந்தார். கன்னடத்தில் அரசு என்றால் ராஜா; சர்க்காருக்கு அந்தச் சொல் இல்லை. அது வடமொழி ராஜனிலிருந்து வந்தது என்று சிலர் சொல்வார்கள், இல்லை நம் பக்கத்து மொழிகளுக்கே சொந்தம் என்று சிலர் சொல்வார்கள். எங்கிருந்து வந்தாலும் ஆளைத்தான் குறிக்கும், ஆபீஸை அல்ல என்று வாத்தியார் முடித்திருந்தார்.

அந்தத் தாளோடு அவள் நடந்த நடை கொஞ்சமல்ல. தர்மபுரிக்குப் பஸ் ஏறிப் போய், அதிகாரி முகாம் போயிருக்கிறார் என்று திரும்பி வந்ததே எத்தனையோ தடவை. ஒருவர் வாத்தியாரின் எழுத்து செல்லாது, முத்திரை வேண்டும் என்றார். இன்னொருவர் இரக்கமுள்ளவர். அந்த இடத்தில் அரச மரம் எதுவும் இருந்ததா, அதை வைத்துப் பெயர் வந்திருக்குமா என்று கேட்டார். ஆமாம் என்று சொல்லியிருந்தால், சர்க்கார் நிலம் இல்லை என்று எழுத அவருக்கு ஒரு வழி கிடைத்திருக்கும். அவளோ, எங்கள் கன்னடத்தில் அரச மரத்தை அரளி மரம் என்போம், அங்கே அப்படி மரமே கிடையாது என்று உள்ளதைச் சொன்னாள். அவர் பேனாவை மூடிவிட்டார்.

இதற்குள் நிலத்தைச் சுற்றிக் கம்பிவேலி வந்துவிட்டது. ஒரு வருஷம் தானாக முளைத்த ராகியை வேலிக்கு வெளியே நின்று பார்த்தாள். மறு வருஷம் தொழிற்சாலைக் கூரைக்கு இரும்புச் சட்டங்கள் ஏறின.

எண்பத்தைந்தில் ஒரு புது அதிகாரி வந்தார். கொள்ளேகாலத்தில் வளர்ந்தவர், கன்னடம் நன்றாகத் தெரியும் என்று கௌஸ் மொய்தீன் ஓடிவந்து சொன்னார். பதினோரு வருஷத்தில் முதல் தடவையாக முனிலட்சுமிக்கு நம்பிக்கை வந்தது. புதுச் சேலை இல்லை. இருந்ததைத் துவைத்துக் கட்டிக்கொண்டு கௌஸ் மொய்தீனோடு போனாள்.

அதிகாரி அவளை உட்காரச் சொன்னார். காகிதத்தை வாய்விட்டுப் படித்தார். அவர் வாயில் கன்னடம் அவள் வீட்டுக் கன்னடம் போலவே இருந்தது.

"நீங்க சொல்றது சரிம்மா. அரசுன்னா இங்க ராஜாதான். எழுதினவங்க தப்பா எழுதிட்டாங்க."

அவள் கைகூப்பினாள்.

"ஆனா அதனால ஒண்ணும் மாறாது. ராஜாங்க இதுமாதிரி கொடுத்த நிலத்தையெல்லாம் சர்க்கார் எடுத்துக்க எப்பவோ சட்டம் வந்தாச்சு. அப்பவே மனு போட்டிருந்தா பட்டா கிடைச்சிருக்கும். அந்தக் கெடு முடிஞ்சு வருஷக்கணக்காச்சு."

"அப்ப ராஜா நிலம்னாலும்..."

"இன்னிக்கு அரசு நிலந்தாம்மா."

கௌஸ் மொய்தீன் ஏதோ வாதாடினார். அதிகாரி பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். வெளியே வந்ததும், சென்னைக்கு எழுதிப் பார்க்கலாம் என்றார் கௌஸ் மொய்தீன்.

"வேண்டாம் பாய்," என்றாள் முனிலட்சுமி. "ரெண்டு அர்த்தமும் ஒண்ணாத்தான் முடியுது. இன்னும் யார்கிட்ட போயி என்னன்னு கேக்கறது?"

மத்திகிரியில் தொழிலாளிகளுக்கு வாடகைக்கு விடும் வரிசை வீடுகளில் கடைசி அறை அவளுக்குக் கிடைத்தது. தெற்கிலிருந்து வந்து ஷிப்டு பார்த்த பிள்ளைகளுக்குச் சோறாக்கிப் போட்டாள். அந்த நிலத்தின் மேல் எழுந்த தொழிற்சாலையில் வேலை பார்த்தவர்களும் அவர்களில் இருந்தார்கள். அவள் அவர்களிடம் எதுவும் சொன்னதில்லை. களி மட்டும் கிண்டமாட்டாள். கேட்டால் ராகி நல்லதாகக் கிடைப்பதில்லை என்பாள்.

தொண்ணூற்று இரண்டில் ரேஷன் கார்டுக்குக் கணக்கெடுக்க ஒருவர் வந்தார். சொந்த நிலம் உண்டா என்று கேட்டார். இல்லை என்றாள். முன்னால் இருந்ததா என்றார். முனிலட்சுமி அதற்கும் இல்லை என்றே சொல்லிவிட்டு, அடுப்பில் உலை கொதிக்கிறது என்று உள்ளே போனாள்.