நீலத்தில் வெட்டிய துளைகள்

உதியன்குளங்கரை முக்கில் எனக்கு ஒரு லேசர் வெட்டும் கடை உண்டு. வீட்டுப் பெயர்ப்பலகை, கல்யாண கேக்கில் குத்துகிற ஜோடிப் பெயர், திருவிழாப் பரிசுக் கேடயம், இவைதான் பிழைப்பு. ஆள் வராத மத்தியானங்களில் எனக்குப் பிடித்ததை வரைவேன். வரைந்த ஃபைலை யார் வேண்டுமானாலும் எடுத்து வெட்டிக்கொள்ளட்டும் என்று இணையத்தில் போட்டுவிடுவேன். சும்மா எதற்குக் கொடுக்கிறாய் என்று வீட்டில் சத்தம் போடுவார்கள். முகம் தெரியாத ஒருவர் எங்கோ இருந்து அதை வெட்டிப் பார்த்துப் படம் அனுப்பும்போது வருகிற கிறுக்கு சந்தோஷம் அவர்களுக்கு எங்கே புரியப்போகிறது.

நெய்யாற்றின்கரையில் என்னோடு கல்லூரியில் படித்தவள் ஒருத்தி கடற்கரை ஊரான பொழியூரில் வாழ்க்கைப்பட்டிருக்கிறாள். அவள்தான் ஒரு வருடம் கிறிஸ்துமஸ் குடிலுக்கு, எங்கள் பேச்சில் புல்கூட்டுக்கு, யோசனை சொன்னாள்.

"பெத்லகேமை யாருட்டீ பாத்தா? எங்க தெருவை வெட்டித் தா, மக்கா."

வெட்டினேன். அடியில் பெரிய பிளைவுட் பலகை, அதுதான் கரை. அதன் ஓரத்தில் நீல அக்ரிலிக் தகடு, அது கடல். ஒவ்வொரு வீடும் உள்ளங்கை அளவுத் துண்டு. அடியில் நீட்டிக்கொண்டிருக்கும் நாக்கைப் பலகையில் உள்ள துளையில் செருகினால் நிற்கும். அவரவர் வீட்டுத் துண்டுக்கு அவரவரே சாயம் பூசி, ஊர் சர்ச்சுக்குக் கொண்டுவந்து தங்கள் துளையில் நட்டார்கள். என் தோழியின் மாமனார், கடலுக்குப் போவதை நிறுத்தியிருந்தவர், தங்கள் வீட்டுக்குப் பச்சை அடித்து, சுவரில் இருந்த வெடிப்பைக்கூட விடாமல் வரைந்திருந்தார்.

வழக்கம்போல அந்த ஃபைலையும் இணையத்தில் போட்டேன். ஏதோ குளிர் நாட்டில் ஒருவர் அப்படியே வெட்டி, கூரைகளின் மேல் பஞ்சு தூவிப் படம் அனுப்பினார். தோழிக்குச் சிரிப்புத் தாங்கவில்லை.

"எட்டி, எங்க மாமாக்க வீட்டுல பனி பெய்யுதாக்கும்!"

அடுத்த மழைக்காலத்தில் கடல் முதல் வரிசை வீடுகளை எடுத்துக்கொண்டது.

கரண்ட் போஸ்டிலிருந்து தண்ணீர் வரை அளந்து அவள் எனக்கு அனுப்பினாள். நான் நீலக் கோட்டை உள்ளே தள்ளி வரைந்தேன். திரையில் விரலால் இழுத்தால் கடல் வந்துவிடுகிறது. ஏதோ நானே இழுத்து விடுகிற மாதிரி எரிச்சலாக இருந்தது. கடலுக்குள் போய்விட்ட துளைகளை அழித்தேன். தண்ணீரில் வீடு எப்படி நிற்கும் என்பது என் கணக்கு.

ஆனால் அந்தக் கிறிஸ்துமஸுக்கும் வீடு போனவர்கள் துண்டுகளோடு வந்தார்கள். வராதீர்கள் என்று யார் போய்ச் சொல்வது? ஒரு அக்கா பலகையைச் சுற்றிச் சுற்றி வந்தார். துளையைக் காணாமல், கடைசியில் வீட்டை நீலத்தின் மேல் படுக்க வைத்துவிட்டுப் போனார். சாயங்காலம் சுத்தம் செய்தவர்கள் அதை எடுத்து அட்டைப்பெட்டியில் போட்டார்கள். நானும் தோழியும் பார்த்துக்கொண்டுதான் நின்றோம். எல்லோரும் போன பிறகு நான் அதை எடுத்து என் பையில் வைத்துக்கொண்டேன்.

இந்த வருடம் வெயில் காலத்திலேயே அவளிடமிருந்து திருத்திய ஃபைல் வந்தது. கிறிஸ்துமஸுக்கு எவ்வளவோ நாள் கிடக்க, இப்போது எதற்கு இது? திறந்து பார்த்தேன். கடல் நான் கடைசியாக வரைந்த இடத்தில்தான் இருந்தது. ஆனால் அவளுடைய வீட்டுத் துளை மட்டும் இல்லை.

உடனே போன் போட்டுக் கத்தினேன். நின்றுகொண்டிருக்கிற வீட்டை அழிக்க உனக்கு எப்படிக் கை வந்தது என்று கேட்டேன்.

"அடுத்து கடல் எடுக்கது எங்க வீட்டைத்தான். மாமா எறங்க மாட்டேன்னு நிக்காரு. நாங்க எல்லாரும் வாடகை வீட்டுக்கு மாறியாச்சு. அவரு மட்டும் அங்கேயே கெடக்காரு," என்றாள். "நீ பலகையை வெட்டித் தா. ஓட்டை இல்லாததைப் பாத்தாவது வருவாரான்னு பாக்கேன்."

வெட்டினேன். மெஷின் அந்த இடத்தைத் தாண்டும்போது லேசர் வெளிச்சம் விழாமல் போவதைப் பார்க்கப் பிடிக்காமல் வெளியே போய் நின்றேன். பலகையை அவள் கொண்டுபோய்க் காட்டினாள். கிழவர் விரலால் தடவிப் பார்த்துவிட்டுச் சிரித்தாராம்.

"நீ கம்பியூட்டருல அழிச்சா எனக்க வீடு போயிருமா?"

அவர் அங்கேயேதான் இருந்தார். எனக்கு நிம்மதியே இல்லை. தோழியின் பெயர் போனில் ஒளிர்ந்தாலே எடுக்கக் கை வராது.

ஈஸ்டர் கழிந்து வந்தது கள்ளக்கடல். காற்றில்லை, மேகமில்லை, தெளிந்த வானம். தண்ணீர் மட்டும் எழும்பி வந்தது. பக்கத்து வீட்டுக்காரர்கள் கிழவரைத் தூக்காத குறையாக வெளியே இழுத்தார்கள். பின்சுவர் அவர் கண்ணெதிரே சரிந்தது.

பள்ளிக்கூடத்தில் தங்க வைத்திருக்கிறார்கள் என்று கேட்டு ஓடினேன். பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். மடியில் பச்சை வீடு. ஆதார் கார்டு, மருந்து எதையும் எடுக்காமல் அந்தத் துண்டை மட்டும் எடுத்து வந்திருக்கிறார்.

"மக்கா, இதுக்க ஓட்டை இல்லாம பலகையை வெட்டினது நீயா?"

நான் பெஞ்சுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன். தோழி சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"நீலத்துல வெட்டித் தா. எனக்க வீடு அங்கதான் இருந்துது."

கடைக்கு வந்து, அளவுக்கு முதல் ஃபைலைப் பக்கத்தில் திறந்து வைத்துக்கொண்டு, கடைசி ஃபைலைத் திருத்தத் தொடங்கினேன். அவருடைய வீடு இருந்த அதே இடத்தில் துளை வைத்தேன். அந்த அக்காவின் துளையும் நினைவுக்கு வந்தது. கை நிற்கவில்லை. முதல் வரிசை முழுவதையும் திரும்ப வைத்தேன். புதிதாகக் கடல் வந்த இடம் வரைக்கும் நீலத்தகட்டைப் பெரிதாக வெட்டினேன். இம்முறை மெஷினை விட்டு நகரவில்லை. அக்ரிலிக் உருகும் வாடை கடையில் அடைத்துக்கொண்டது.

ஃபைலை இணையத்திலும் மாற்றினேன். பஞ்சு தூவியவர்தான் முதலில் எழுதினார். துளைகள் இடம் மாறித் தண்ணீரில் விழுந்திருக்கின்றன, சரிபார்க்கவும் என்று. சரியாகத்தான் இருக்கிறது என்று மட்டும் பதில் போட்டேன். அதற்கு மேல் என்ன எழுதுவது?

பிறகு பொழியூரிலிருந்து ஆட்கள் கடைக்கு வரத் தொடங்கினார்கள். தங்கள் இடம் தகட்டில் இருக்கிறதா என்று பார்த்து, துண்டைச் செருகிப் பார்த்து, எடுத்துக்கொண்டு போனார்கள். படுக்க வைத்துவிட்டுப் போன அந்த அக்காவும் வந்தார். பெட்டியிலிருந்து எடுத்து வைத்திருந்த அவருடைய வீட்டைக் கொடுத்தேன். அதை நட்டுவிட்டு, ஆடுகிறதா என்று விரலால் தொட்டுப் பார்த்தார்.

நேற்று ஒரு பெண் வந்தாள், கையில் மஞ்சள் வீடு. தகட்டில் உங்கள் துளை எது என்று கேட்டேன். நீலத்தைக் காட்டாமல், அதை ஒட்டியிருந்த பிளைவுட்டைத் தொட்டாள். அங்கே ஏற்கெனவே துளை இருந்தது.

"இதுக்கும் நீலத்துல ஒண்ணு வெட்டி வைச்சிரு, அக்கா."

"உங்க வீடு நிக்குதே!"

"இப்போ நிக்கு," என்றாள்.