ரத்னபாய் மாமிக்கு ஒரு வண்டி

பொன்னுதாஸை வண்டி பார்க்கக் கூப்பிடுகிறவர்கள் ஒரு நிபந்தனைக்கு உட்பட்டாக வேண்டும். வண்டியில் யார் போகப் போகிறார்களோ அவர்களையும் கூட்டிக்கொண்டு வர வேண்டும். பெண்டாட்டிக்கு என்றால் பெண்டாட்டி வர வேண்டும், மாமனாருக்கு என்றால் மாமனார். “ஆளக் காட்டாம நான் வண்டியத் திரும்பிப் பாக்க மாட்டேன்” என்று கண்டிப்பாகச் சொல்லிவிடுவான். கிறுக்கு என்று சிரிக்கிறவர்கள் சிரித்துக்கொள்ளட்டும். சூடு கண்ட பூனை அவன்.

பனச்சமூட்டுக்கும் வெள்ளறடைக்கும் இடையில் டிரிப் ஜீப்பு ஓட்டுவதுதான் அவன் பிழைப்பு. ஆனால் அவன் பெயர் பரவியது வண்டி பார்ப்பதில். பாறசாலை, ஆரியங்கோடு, அங்கே நெய்யாற்றின்கரை வரைக்கும், வண்டி வாங்குகிறவன் முதலில் அவனைத்தான் தேடுவான். அவன் பார்க்கிற விதமே தனி. ஸ்டியரிங்கைத் தொடமாட்டான். வேறு யாரையாவது ஓட்டச் சொல்லிவிட்டு, பின்னால் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொள்வான். “ஓட்டுகவனுக்கு எல்லா வண்டியும் நல்ல வண்டியாக்கும். பின்னால இருக்கவனுக்க நடுவுக்குத்தான் நெசம் தெரியும்” என்பான். நடு என்றால் இடுப்பு. இரண்டு மைல் போய் இறங்கும்போது வண்டியின் ஜாதகமே அவன் வாயில் இருக்கும். கம்பெனிக்காரர்கள் நீட்டும் கவரைத் தொடமாட்டான். பொரோட்டாவும் மாட்டிறைச்சியும் வாங்கிக் கொடுத்தால் போதும். இதனால் புரோக்கர்களுக்கு அவனைக் கண்டாலே வேப்பங்காய்.

இப்படிப்பட்டவனைத்தான் ஈசாக் ஏமாற்றினான். வெளியாள் ஏமாற்றியிருந்தால் நாலு கெட்ட வார்த்தை சொல்லிவிட்டு மறந்திருப்பான். ஈசாக் ஒன்றாம் வகுப்பிலிருந்து கூட்டாளி. பனச்சமூட்டில் ரப்பர் ஷீட் வாங்கும் கடை வைத்திருந்தான். வீடு கேரள எல்லைக்குள். பொன்னுதாஸின் வீடு எல்லைக்கு இந்தப்புறம், தமிழ்நாட்டில். வாசலில் நின்று வெற்றிலை துப்பினால் கேரளத்தில் விழும், அவ்வளவுதான் தூரம்.

ஈசாக்கின் அம்மா ரத்னபாய் தொண்ணூற்றைந்து மழைக்காலத்தில் கிணற்றடியில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தவள். வெள்ளிக்கிழமை தோறும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ப் பயிற்சி கொடுத்தால் எழுந்து நடப்பாள் என்று டாக்டர் சொல்லியிருந்தார். முதல் வெள்ளிக்கிழமை பொன்னுதாஸ்தான் தன் டிரிப் ஜீப்பின் பக்க சீட்டில் மெத்தை போட்டு அவளைக் கிடத்திக் கொண்டுபோனான். போகிற வழியெல்லாம் குழி. மாமி கத்தவில்லை. துவர்த்துத் துண்டை வாயில் திணித்துக் கடித்துக்கொண்டே வந்தாள். ஆஸ்பத்திரியில் இறக்கும்போது அந்தத் துவர்த்தில் இரத்தம் இருந்தது. “இனி என்ன எங்கயும் கொண்டு போவாண்டாம் மக்கா” என்று அவள் கும்பிட்டாள். அதற்குப் பிறகு அவள் ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை.

ஆகவே தொண்ணூற்றாறில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சர்ச் விட்டு வரும்போது ஈசாக் தோளில் கைபோட்டு, “எலே, அம்மைக்கு ஒரு வண்டி எடுக்கணும். படுத்துட்டே போவணும். சியராவா அர்மாடாவான்னு நீ சொல்லு” என்றதும் பொன்னுதாஸின் கண் நிறைந்துவிட்டது. ரப்பருக்கு நல்ல விலை இருந்த காலம். காசு எங்கிருந்து என்று யார் கேட்பார்கள்? அம்மைக்குச் செய்கிற பிள்ளை என்று ஊரே மெச்சியது.

ஈசாக் கேட்ட கேள்விகளை இப்போது நினைத்தாலும் பொன்னுதாஸுக்குத் தன் கன்னத்தில் தானே அறையத் தோன்றும். பின்சீட்டை மடக்கினால் எவ்வளவு நீளம்? வெளியிலிருந்து பார்த்தால் உள்ளே படுத்திருப்பது தெரியுமா? அம்மைக்கு நாணமாக இருக்குமே! எவ்வளவு பாரம் ஏற்றினால் பின்பக்கம் தாழும்?

“பாரமா? மாமிக்க எடை என்ன வரும்லே, நாப்பது கிலோ!”

“கட்டிலு, மெத்த, பாத்துக்கிட ஆளு, ஆக்சிஜன் சிலிண்டரு… அஞ்சு குவிண்டால்னு வச்சுக்கோயேன்.”

மூளையுள்ளவன் அந்த இடத்தில் நின்று யோசித்திருப்பான். பொன்னுதாஸோ நண்பனின் அம்மா பாசத்தை எண்ணி உருகிக்கொண்டிருந்தான்.

ஓட்டிப் பார்க்க முதலில் அர்மாடா வந்தது. நாலு கதவு, ஜீப்பு மூஞ்சி, உள்ளே தாராளமான இடம். பொன்னுதாஸ் வழக்கம்போல உட்காரவில்லை. மாமி படுப்பது போலவே பின்னால் நீட்டி நிமிர்ந்து படுத்துக்கொண்டான். ஈசாக் ஓட்டினான். வெள்ளறடை இறக்கத்தில் ஒவ்வொரு குழியையும் பொன்னுதாஸ் கண்ணை மூடித் தன் இடுப்பில் வாங்கினான். “இங்கண கொஞ்சம் நோவும்… இது கொள்ளாம், நோவல்ல… எலே, வளைவுல மெதுவாப் போ, மாமி உருண்டுருவாவ!” என்று உள்ளிருந்து சத்தம் போட்டபடியே வந்தான். எல்லை செக்போஸ்டில் காவலர் கை காட்டி நிறுத்தினார். பின்கதவைத் திறந்து பார்த்தவர், ஒரு தடிமாடு கண்ணை மூடிக் கிடப்பதைக் கண்டு பயந்துபோனார். “செத்துட்டாரா?” என்று கேட்டார்.

மறுநாள் சியரா. பளபளவென்று, பின்னால் வளைந்த பெரிய கண்ணாடி, ஏசி, பொத்தானைத் தொட்டால் இறங்கும் ஜன்னல். பக்கத்துக்கு ஒரே கதவுதான். மறுபடியும் பொன்னுதாஸ் படுத்தான், ஈசாக் ஓட்டினான். அதே இறக்கம், அதே செக்போஸ்ட், அதே காவலர். வண்டியைத் தூரத்தில் கண்டதுமே அவர் எழுந்து தடுப்புக் கம்பை உயர்த்தி ஒரு சல்யூட்டும் வைத்தார். ஈசாக் வண்டியை ஓரம் கட்டிவிட்டுச் சிரித்தான். வெகுநேரம் சிரித்தான். பொன்னுதாஸும் சேர்ந்து சிரித்தான்.

சிரித்து முடித்துவிட்டுத் தன் தீர்ப்பைச் சொன்னான். “அர்மாடாவ எடு மக்கா. கதவு அகலம், மாமிய ஏத்தி இறக்க சுகம். சியராவுக்கு மெத்துமெத்துன்னு உண்டு, இல்லேங்கல்ல. ஆனா பின்னால ஆள ஏத்த முன்சீட்டச் சாய்க்கணும். ஒடிஞ்ச இடுப்புக்கு அது ஆகாது.”

“சியராதான்” என்றான் ஈசாக்.

“எதுக்குலே? சல்யூட்டு அடிச்சா மாமிக்க நடுநோவு தீருமா?”

“அம்மை மந்திரியப் போல போட்டும். பின்கதவு வழியா ஏத்துவோம். நீ தான் ஒண்ணொண்ணாச் சரிபண்ணித் தரணும்.”

அப்படிச் சொன்னால் பொன்னுதாஸ் மறுப்பானா? தானே ஒர்க்‌ஷாப்பில் நின்று பின் ஸ்பிரிங்கில் இரண்டு பட்டை கூடுதலாகப் போடவைத்தான். வெயில் படக் கூடாது என்று கண்ணாடிகளுக்குக் கறுப்புத் தாள் ஒட்டினான். மெத்தை நகராமல் கட்டிவைக்கத் தரையில் கொக்கிபோல எட்டுக் கொளுத்து அடித்தான். பதிவு செய்யும்போது ஈசாக், “தமிழ்நாட்டுப் பக்கம் வரி குறைவுன்னு சொல்லுதாவ, ஒனக்க பேருலயும் விலாசத்துலயும் போடுவோம்” என்றான். எல்லையில் இது நடப்பதுதான். உறவுக்காரன் பெயரில் போடுவார்கள், மச்சான் பெயரில் போடுவார்கள். பொன்னுதாஸின் மனைவி பிரேமகுமாரி மட்டும், “வண்டி ஒருத்தனுக்கு, பேரு ஒருத்தனுக்கா? இது வேண்டாம்” என்றாள். “ஈசாக்குன்னா நான், நான்னா ஈசாக்கு” என்று அவளை அடக்கிவிட்டுக் கையெழுத்துப் போட்டான்.

வெள்ளிக்கிழமை வந்தது. பொன்னுதாஸ் டிரிப்பை விட்டுவிட்டு, குளித்து, வெள்ளை வேட்டி கட்டிப் போனான். வண்டி கொச்சிக்குப் போயிருக்கிறது என்றான் ஈசாக். அடுத்த வெள்ளி ஏசி சர்வீசில். அதற்கடுத்த வெள்ளி மாமிக்குக் காய்ச்சல், உள்ளே போக வேண்டாம். ஐந்து மாதம் இப்படியே போயிற்று. வெள்ளை வேட்டிதான் அலசி அலசித் தேய்ந்தது.

ஒரு காலையில் கலால்காரர்கள் ஜீப்பில் வந்து, “பொன்னுதாஸ் ஆரு?” என்று கேட்டார்கள். அந்த வருஷம்தான் கேரளத்தில் சாராயக் கடைகளை மூடியிருந்தார்கள். எல்லை தாண்டிப் போன ஸ்பிரிட்டுக்குப் பொன்னின் மதிப்பு வந்திருந்தது. ஆரியங்கோட்டுப் பக்கத்தில் சியராவைப் பிடித்திருக்கிறார்கள். டிரைவர் ரப்பர் தோட்டத்துக்குள் ஓடிவிட்டான். மாமி படுக்க வேண்டிய இடத்தில் பதினாறு கேன்.

வண்டியருகில் நிறுத்திக் கலால் அதிகாரி ஒவ்வொன்றாகக் கேட்டார். பாதி மலையாளம், பாதி தமிழ்.

“ஸ்பிரிங்கு கூட்டினது ஆரு?”

“நானாக்கும் சார்.”

“கறுத்த பேப்பர்?”

“நானாக்கும்.”

“கேனைக் கட்டி வைக்கிற இந்தக் கொளுத்து?”

எட்டுக் கொளுத்திலும் கயிறு இறுகிக் கிடந்தது. அளவெடுத்தாற் போல இருந்தது. பொன்னுதாஸுக்கு அப்போதுதான் எல்லாம் விளங்கியது. நீளமும் பாரமும் நாணமும், அந்தச் சல்யூட்டுக்குச் சிரித்த சிரிப்பும். அவன் மாமியாகப் படுத்துக் கிடந்தபோது ஈசாக் கேனைத்தான் ஓட்டிப் பார்த்திருக்கிறான். “அதும் நானாக்கும்” என்றான். சொல்லிவிட்டு வண்டிச் சக்கரத்தின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துவிட்டான்.

ஈசாக் கலால்காரர்களிடம் எழுதிக் கொடுத்திருந்தான்: வண்டி பொன்னுதாஸுடையது, தனக்கு ஒன்றும் தெரியாது, கூட்டாளி இப்படிச் செய்வான் என்று கனவிலும் நினைக்கவில்லை. நம்ப வைத்துக் கழுத்தறுத்ததோடு நிற்காமல், அறுத்த கத்தியையும் அவன் கையிலேயே கொடுத்துவிட்டான் படுபாவி.

இருபத்தொரு நாள் சப்ஜெயிலில் கிடந்தான் பொன்னுதாஸ். பிரேமகுமாரி கம்மலைக் கழற்றி வக்கீல் வைத்தாள். ‘அப்போதே சொன்னேனே’ என்று அவள் ஒருமுறைகூடச் சொல்லவில்லை. ஜாமீனில் வந்தவன் வீட்டுக்குள் நுழையாமல் நேரே ஈசாக்கின் வீட்டுக்குப் போனான். அவனைப் பிடித்து நாலு அறை அறைய வேண்டும் என்றுதான் போனான்.

ஈசாக் முன்னறையில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தான். தலை நிமிரவில்லை. உள்ளேயிருந்து, “ஆரது, பொன்னுதாசா? இஞ்ச வா மக்கா” என்று குரல் வந்தது. பொன்னுதாஸ் கையை மடக்கிக்கொண்டு உள்ளே போனான்.

மாமி பாதியாகியிருந்தாள். கால் இரண்டும் குச்சி. இனி அவள் எழுந்து நடக்க மாட்டாள் என்பதைப் பார்த்தவுடன் தெரிந்துகொண்டான்.

“ஜெயில்ல கஞ்சி தந்தாவளா மக்கா?”

“தந்தாவ மாமி.”

“நீ வண்டி எடுத்தேன்னு ஈசாக்கு சொன்னான். வெள்ளியாழ்ச்ச தோறும் ஜன்னலப் பாத்துட்டே கிடந்தேன். வண்டிச் சத்தம் கேக்கும், ஒன்னக் காணாது.” மாமிக்கு மூச்சு வாங்கியது. “கெழவி சீட்டுல மூத்திரம் போயிருவா, ஏத்த மாட்டேன்னு சொன்னியாமே. நெசம்தான் மக்கா. புது வண்டில்லா. நான் ஒன்ன ஒண்ணும் சொல்லல்ல.”

பொன்னுதாஸ் வாயைத் திறந்தான். வாசலில் ஈசாக் வந்து நின்றான். கையில் மாமிக்குக் கஞ்சி. இனி அவளுக்கு இருப்பது இந்தக் கஞ்சியும் இதைக் கொடுக்கிற கையும்தான். அந்தக் கை எப்படிப்பட்ட கை என்று அவளிடம் எந்த வாயால் சொல்வது? “மாமி, நான் அப்பிடிச் சொல்லல்ல” என்று மட்டும் வந்தது.

“போட்டும் மக்கா. ஜெபம் பண்ணாம போவப்பிடாது. முட்டுக்குத்து.”

முழந்தாளிட்டான். மாமி அவன் தலைமேல் கை வைத்தாள். கை காற்றுப்போல் இருந்தது.

“ஆண்டவரே, இந்தப் பிள்ள எனக்குச் செஞ்சத நான் மன்னிச்சிட்டேன். நீரும் மன்னிச்சிரும். கள்ளக் கடத்துக்குப் போன இவனுக்க புத்திய மாத்தும். எனக்க மவன் ஈசாக்கப் போல இவனையும் நல்லவனாக்கும்.”

பொன்னுதாஸ் கண்ணை மூடவில்லை. வாசலில் கஞ்சிப் பாத்திரத்தோடு நின்ற ஈசாக் கண்ணை மூடி, தலை குனிந்து, சத்தமாக ஆமென் சொன்னான்.