சனிக்கிழமை வாங்கிய மடக்குக் கத்தி

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். அதைவிட மோசம், நான் சொன்னதே சட்டம் என்று நிற்கும் குணம். என் அண்ணனுக்கு இரண்டும் கிடையாது. என்னைவிட மூன்று வயது மூத்தவன். என்னோடு வாதாடி ஒருநாளும் ஜெயித்ததில்லை, ஜெயிக்க நினைத்ததும் இல்லை. "சரி விடு, நீ சொல்றதே இருக்கட்டும்" என்பான். அந்தச் 'சரி விடு' இன்றைக்கும் என் காதை விட்டுப் போகவில்லை.

அறுபதுகளின் கடைசி அது. உத்தனப்பள்ளிக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். மழையை நம்பிய கேழ்வரகுக் காடும் கொள்ளுக் காடும்தான் சொத்து. மாதச் சம்பளம் வேண்டுமென்றால் எல்லை தாண்டி பெங்களூருக்குத்தான் போக வேண்டும். அண்ணன் ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர் படித்தவன். அங்கே ஒரு பெரிய தொழிற்சாலையில் பரீட்சை, இன்டர்வியூ எல்லாம் தேறிவிட்டான். டாக்டர் உடம்பைச் சோதிக்கிற மெடிக்கல் மட்டும்தான் பாக்கி. அதற்கும் கடிதம் வந்துவிட்டது, அடுத்த மாதம் வரச் சொல்லி. எங்கள் வம்சத்திலேயே சம்பளக் கவர் வாங்கப்போகிற முதல் ஆள். அம்மா அந்தக் கடிதத்தைப் போகிறவர் வருகிறவருக்கெல்லாம் எடுத்துக் காட்டினாள். அவளுக்கு எழுத்து தெரியாது, பலமுறை தலைகீழாகத்தான் காட்டினாள்.

"வேலையில சேந்துட்டா, சங்கு ஊதினா உள்ள, சங்கு ஊதினா வெளியன்னு ஆயிடும். அதுக்கு முன்ன ஒருதரம் மலைக்குப் போயிட்டு வரலாமாடா?" என்று அண்ணன் கேட்டான். தேன்கனிக்கோட்டைப் பக்கத்து மலையில் முயலுக்கும் கௌதாரிக்கும் கண்ணி வைத்து, கிடைத்ததை அங்கேயே சுட்டுத் தின்று, ஒரு நாள் தங்கி வருவது எங்கள் இரண்டு பேருக்கும் பழக்கம். பழைய கத்தி தேய்ந்து பிடியும் கழன்றுவிட்டதால் புதிதாக ஒன்று வேண்டியிருந்தது. ஞாயிறு விடியக்காலையில் கிளம்புவது என்று முடிவு செய்து, முதல் நாள் ஓசூருக்குக் கத்தி வாங்கப் போனோம்.

கொல்லுப் பட்டறையில் அண்ணன் வெகுநேரம் குந்தியிருந்தான். ஒவ்வொன்றாகக் கையில் பிடித்து, கனம் பார்த்து, முன்கை மயிரில் கூர் பார்த்து, கடைசியில் ஒரு சாண் நீளத்தில் ஒன்றை எடுத்தான். பளபளப்பே இல்லாத கறுப்புக் கத்தி. பட்டறைக்காரர் பாதி தெலுங்கும் பாதி தமிழுமாகச் சொன்னார்: "மஞ்ச்சி கத்தி, நல்ல கத்தி தம்பி. பிடிக்குள்ள கடேசி வரைக்கும் ஒரே இரும்பு. மூங்கில் பிளக்கலாம், தோல் உரிக்கலாம், ஒண்ணும் ஆவாது." அண்ணன் முகம் மலர்ந்துபோய்விட்டது.

அப்போதுதான் எனக்குக் கிழமை உறைத்தது.

"அண்ணா, இன்னிக்கி சனிக்கெழம! சனிக்கெழமயில யாராச்சும் இரும்பு வாங்குவாங்களா?"

சனிக்கிழமை இரும்பு வாங்கினால் கூடவே சனியும் வீட்டுக்கு வரும் என்பது எங்கள் பக்கத்தில் பச்சைக் குழந்தைக்கும் தெரியும். அண்ணன் சிரித்தான். "வூட்டுக்கா கொண்டு போறோம்? காட்டுக்குத்தானே போவுது." பட்டறைக்காரரும் சிரித்துவிட்டார். அவ்வளவுதான், எனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது.

"மெடிக்கலுக்குப் போற மனுசன் சனியன வெல குடுத்து வாங்குவானா? அறிவு வேணாம்?" என்று கத்தினேன். அவன் வேலைக்கு ஒரு குறையும் வந்துவிடக் கூடாது என்ற பயம்தான் எனக்கு. சத்தியமாக அதுதான்.

எதிர்ச் சாரியில் ஒருவன் பூட்டு, சீப்பு, டார்ச் லைட் எல்லாம் பரப்பி விற்றுக்கொண்டிருந்தான். அதில் ஒரு மடக்குக் கத்தி, கண்ணாடி மாதிரி மின்னியது. எடுத்து வந்து நீட்டினேன். "இது இரும்பு இல்லண்ணா, எவர்சில்வர். எவர்சில்வருக்கு ஏது சனி? அம்மா போன மாசம் சனிக்கெழமதானே சொம்பு வாங்குச்சு?"

அண்ணன் விரித்துப் பார்த்தான். "மூட்டு ஆடுதேடா."

"புதுசு அப்படித்தான் இருக்கும்."

"தம்பி, மடங்குற கத்தி பழம் நறுக்க. காட்டுக்கு மடங்காத கத்திதான்" என்றார் பட்டறைக்காரர்.

"உங்க சரக்கு போவலன்னு வயித்தெரிச்சல்" என்று பெரியவரிடம் சொன்னேன். நாக்கில் நரம்பில்லாத ஜென்மம் நான். அண்ணன் கறுப்புக் கத்தியை எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டு எழுந்தான். "சரி விடு" என்றான்.

ஞாயிறு மத்தியானம் மலையில் ஓடைக்கரையில் சோற்றுக்கு உலை வைத்திருந்தேன். அண்ணன் பத்தடி தள்ளி உட்கார்ந்து கண்ணிக்கு முளைக்குச்சி சீவிக்கொண்டிருந்தான். காய்ந்த மூங்கில் துண்டைப் பிளப்பதற்காகக் கத்தி முனையைக் கணுவில் குத்தி அழுத்தியிருக்கிறான். முனை மாட்டிக்கொண்டது, மூட்டு மடங்கிவிட்டது. "டேய்" என்று ஒரே ஒரு குரல். திரும்பிப் பார்த்தால் வலது கையை இடது கையால் பொத்திக்கொண்டிருந்தான். விரலிடுக்கெல்லாம் ரத்தம். ஆள்காட்டி விரலும் நடு விரலும் எலும்பு தெரிய அறுந்திருந்தன. துண்டைச் சுற்றி, அவனைத் தாங்கிக்கொண்டு கீழே இறங்கி, ஒரு லாரியை நிறுத்தி ஓசூர் வந்து சேர்ந்தோம். வழியெல்லாம் அவன்தான் எனக்கு ஆறுதல் சொன்னான். "தையல் போட்டா ஆறிடும். மெடிக்கலுக்குத்தான் இன்னும் நாள் இருக்குதே."

புண் ஆறியது. விரல்கள்தான் மடங்கவில்லை. உள்ளே நரம்பு போய்விட்டது என்றார்கள். அம்மா விளக்கெண்ணெய் தடவினாள், ஒத்தடம் கொடுத்தாள், வேண்டாத சாமியில்லை.

மெடிக்கலுக்கு நானும் கூடப் போய் கேட்டுக்கு வெளியே நின்றேன். எல்லாரும் வெளியே வர சாயந்திரம் ஆகும் என்றார்கள். அண்ணன் காலையிலேயே வந்துவிட்டான். "கைய மூடுன்னாரு. மூடினேன். ரெண்டு வெரலு நிமிந்து நின்னுச்சு. போப்பான்னுட்டாரு" என்றான், யாருக்கோ நடந்ததைச் சொல்வதுபோல. நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். என் வாயால் கெட்டது என் அண்ணன்.

ஃபிட்டருக்கு விரல்தானே எல்லாம்? அதன் பிறகு வேறு எங்கும் அவன் மனுப் போடவில்லை. ஏர் பிடிக்கப் பழகிக்கொண்டான்.

அடுத்த வருடம் அதே தொழிற்சாலையில் ஹெல்பர் வேலைக்கு ஆள் எடுத்தார்கள். எனக்கு மனு வாங்கி வந்தது அண்ணன். என் கையெழுத்து கோணல் என்று சொல்லி, கட்டைவிரலுக்கும் மோதிர விரலுக்கும் நடுவே பேனாவை இடுக்கி, அவனே எழுதித் தந்தான். மெடிக்கலில் டாக்டர் கையை மூடச் சொன்னார். மூடினேன். பத்து விரலும் மடங்கின. எனக்கு அழுகை வந்துவிட்டது. "வலிக்குதா?" என்று கேட்டார். இல்லை என்று தலையாட்டினேன்.

ஊர் திரும்பியபோது அண்ணன் கொல்லையில் கொள்ளுச் செடி பிடுங்கிக்கொண்டிருந்தான். "கெடச்சிடுச்சா?" என்றான். அழுதுகொண்டே தலையை ஆட்டினேன். கிட்டே வந்து என் கையைப் பிடித்தான். மூன்று விரல்தான் பிடித்தன.

"எதுக்குடா அழுவுற? வேல நம்ம வூட்டுக்குத்தானே வந்துச்சு" என்றான்.

அன்றைக்காவது ஓங்கி ஓர் அறை விட்டிருக்கலாம் அவன். வாங்கிக்கொள்ளத் தயாராகத்தான் நின்றேன். அவன் அம்மாவிடம் சேதி சொல்ல வீட்டுக்கு ஓடினான்.